பெரிய மாப்பிள்ளையின் அறை

என் சகலையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட இளையவன், உயரமானவன், சிரித்தால் அத்தனை பல்லும் வரிசை கலையாமல் தெரியும். மனதுக்குள் அவன் எனக்கு 'அவன்'. வாயைத் திறந்தால் 'வாங்க தம்பி'. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடித்து நடித்து நெஞ்செரிச்சல் மாத்திரை எனக்குச் சட்டைப் பையிலேயே குடியிருக்கிறது.

இருவருக்கும் ஒரே அலுவலகம். மருத்துவமனைகளை வடிவமைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் அவன். அந்தச் சுவருக்குள் வருகிற எல்லாமும் நான். கட்டில், மானிட்டர், சொட்டு மருந்து மாட்டும் கம்பி, கை கழுவும் தொட்டி, திரைச்சீலை, கடைசியில் குப்பைத் தொட்டி வரைக்கும் எது வேண்டும், எது எங்கே நிற்க வேண்டும், எதற்கு எத்தனை பிளக் வேண்டும் என்று முடிவு செய்பவன் நான். வெறும் நாலு சுவருக்கு மருத்துவமனை என்று பேர் வருவதே என்னால்தான். ஆனால் புதுக் கட்டடத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். அண்ணாந்தால் தெரிவதெல்லாம் அவன் வேலை.

அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நானேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். எங்கள் மாமனார் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும், 'எங்கே, டிக்கெட்டைக் காட்டு' என்கிற மாதிரிதான் பார்ப்பார். அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி, "சின்ன மாப்பிள்ளைக்கு உங்க ஆபீஸ்ல ஏதாவது சொல்லிப் பாருங்களேன்" என்பதுதான். மாமா வாய்விட்டுக் கேட்டுவிட்டாரே என்ற பூரிப்பில் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

மாமியார் போன பிறகு மாமா பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறார். மதியச் சாப்பாடு தினமும் எங்கள் வீட்டில். சாப்பிடுவது என் வீட்டுச் சோறு, பேசுவது முழுக்கச் சின்ன மாப்பிள்ளை பெருமை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. சின்ன மாப்பிள்ளை கார் ஓட்டினால் தூக்கிப் போடவே போடாதாம். சின்ன மாப்பிள்ளை போனில் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்குமாம். நான் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

போன முறை நாங்கள் முடித்துக்கொடுத்த மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்க மாமாவைக் கூட்டிப் போயிருந்தோம். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "எங்க சின்ன மாப்பிள்ளை கட்டினது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் பார்த்து முடித்து வாசலுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஆமா, நீங்க இதுல எது செஞ்சீங்க மாப்பிள்ளை?"

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் பொதுவாகக் கையை நீட்டினேன். கை நீண்ட திசையில் ஒரு குப்பைத் தொட்டி இருந்தது.

"ஓ, அதுவா," என்று தலையாட்டினார். "நல்லா மூடி போட்டுத்தான் இருக்கு."

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புது வேலை வந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மருத்துவமனை என்றால் ஒரே மாதிரியான அறைதான் மாடி மாடியாகத் திரும்பத் திரும்ப வரும். ஒன்றில் கொக்கி தப்பான இடத்தில் இருந்தால் எல்லாவற்றிலும் தப்பு. அதனால் செங்கல்லைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கிடங்கில், அதே அளவில், ஒரு மாதிரி அறை போடுவோம். சுவர் பிளைவுட். மானிட்டர் தெர்மாகோல். ஆக்ஸிஜன் வருகிற இடத்தில் வட்டமாக வெட்டிய ஸ்டிக்கர். கட்டில் மட்டும் நிஜம். டாக்டரும் நர்ஸும் வந்து, நிஜ நோயாளியைப் பார்ப்பது போலவே நடித்துப் பார்ப்பார்கள். எங்கே இடிக்கிறது, எங்கே கை எட்டவில்லை என்பது அப்போதுதான் வெளியே வரும். எங்கள் தச்சர்கள் இதற்கு அட்டை ஆஸ்பத்திரி என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

இந்த முறை வந்த நிர்வாகம், இரண்டு மாதிரி போட்டுக் காட்டுங்கள், பிடித்ததை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. எங்கள் முதலாளியம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஒண்ணு அவர் போடட்டும். இன்னொண்ணு நீங்க போடுங்க," என்றார் என்னிடம்.

"நானா மேடம்?"

"ஏன், எத்தனை நாளைக்குத்தான் அடுத்தவங்க போட்ட சுவருக்குள்ள கட்டிலைத் தள்ளிக்கிட்டே இருப்பீங்க?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் அறையை எடுத்துக்கொண்டால் அது அத்தனை மாடியிலும் வரும். மாமா வருவார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "இது எங்க பெரிய மாப்பிள்ளை போட்ட அறை" என்பார். அந்த ஒரு வாக்கியம் போதும் எனக்கு. சம்பள உயர்வு கூட வேண்டாம். சரி, அதுவும் வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

நான் முதலில் போட்ட வரைபடம் ஒழுங்காகத்தான் இருந்தது. இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். டாக்டர்கள் நோயாளியின் வலது பக்கம் நின்றுதான் சோதிப்பார்கள். படிக்கும்போதே அப்படித்தான் கைப்பழக்கம். அதனால் கட்டிலின் வலது பக்கம் தாராளமாக இடம் விட வேண்டும். இது எங்கள் தொழிலின் அரிச்சுவடி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்வேன். அப்படியேதான் விட்டிருந்தேன்.

கெட்டது எப்போது என்றால், மாதிரி அறைக் கட்டிலில் நோயாளியாகப் படுக்க ஆள் தேடியபோது. வழக்கமாக ஒரு பொம்மையைக் கிடத்துவோம். அந்த மருத்துவமனையின் தலைமை நர்ஸ் கூட்டத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பொம்மை முனகாது. புரண்டு படுக்காது. கண்ணாடி எங்கன்னு தேடாது. வயசான ஒருத்தரைப் படுக்க வைங்க, அப்பதான் எங்களுக்குத் தெரியும்."

அலுவலகத்தில் ஒருவரும் முன்வரவில்லை. நன்றாக இருக்கும்போதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுப்பானேன் என்று ஆளாளுக்கு வீட்டுப் பெரியவர்களுக்கு முதுகுவலியும் மூட்டுவலியும் கண்டுபிடித்தார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது சகலை பல்லைக் காட்டினான்.

"நம்ம மாமாவையே கூப்பிட்டா என்ன அண்ணா? அவருக்கும் பொழுது போன மாதிரி இருக்கும்."

"எந்த அறை யாருதுன்னு முடியற வரைக்கும் அவருக்குத் தெரியக் கூடாது," என்றார் முதலாளியம்மா. "ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது."

திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்? யாருடையது என்று தெரியாமலே மாமா என் அறையைக் கை காட்டப் போகிறார். அதைவிடப் பெரிய தீர்ப்பு உண்டா? மறுநாள் காலையே வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன்.

மாமாவுக்கு இடது கைப் பழக்கம். சாப்பிடுவது எல்லோரையும் போல வலது கையில்தான். ஆனால் தண்ணீர் டம்ளரை எடுப்பது, தலை சீவுவது, கதவைத் திறப்பது எல்லாம் இடது. வலது காது மந்தம். ரயில் விசில் தின்றுவிட்டது என்பது என் கணிப்பு. எங்கே உட்கார்ந்தாலும் வாசல் தெரிகிற மாதிரிதான் உட்காருவார், ஏறுகிறவன் இறங்குகிறவனைப் பார்த்துப் பழகிய கண். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவார். கைப்பை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நேர் மேலே விளக்கு எரிந்தால் முகத்தைச் சுளிப்பார்.

வரைபடத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பினேன். மேசை, தண்ணீர், நர்ஸைக் கூப்பிடும் பொத்தான், ஆட்கள் நிற்கும் இடம், எல்லாம் இடது பக்கம் வந்தன. கட்டிலின் வலது பக்கம் மானிட்டரும் கம்பியும் நிற்க ஒரு சந்து. கதவு நேர் பார்வைக்கு வந்தது. விளக்கு சுவரைப் பார்த்து ஒளி விழுகிற மாதிரி ஒதுங்கியது. கைக்கு எட்டும் இடத்தில் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு குழித் தட்டு. எதிர்ச் சுவரில் கைப்பைக்கு ஒரு கொக்கி.

டாக்டர்? அவர் வந்து ஒரு நிமிஷம் நிற்கப் போகிறார். படுத்துக் கிடக்கிறவன் நோயாளி அல்லவா? இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொறாமைக்காரனுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

வீட்டில் என் மனைவிக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"ஏம்மா, உங்கப்பா தூங்கும்போது எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பார்?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"காலையில எந்தக் காதுல போன் வெச்சுப் பேசுவார்னு கேட்டீங்க. இப்ப இது. நீங்க ஆஸ்பத்திரி கட்டறீங்களா, இல்ல எங்கப்பாவுக்குச் சட்டை தைக்கறீங்களா?"

"தொழில் ரகசியம்."

"ரகசியமாவது மண்ணாவது. முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு, தங்கச்சி வீட்டுக்காரரை மண்ணைக் கவ்வ வைக்கணும்னு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு, "இடது பக்கம்," என்றாள்.

கிடங்கில் இரண்டு அறைகளும் பக்கத்துப் பக்கத்தில் எழும்பின. முடிகிற கட்டத்தில் சகலை என் அறைக்குள் எட்டிப் பார்த்தான். நின்றான். கட்டிலைப் பார்த்தான், சந்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணா, கட்டில் திரும்பியிருக்கே. வலது பக்கம் டாக்டர் நிக்க இடம் பத்துமா?"

"பத்தும், பத்தும்."

"இல்ல, ஒரு தடவை நீங்களே நின்னு..."

"உங்க அறையை நீங்க பாருங்க தம்பி."

அவன் முகம் சுண்டிப்போய்த் திரும்பினான். பயந்துவிட்டான் என்று எனக்கு ஒரே குஷி. அடுத்தவன் நன்றாகச் செய்தால் பொறுக்காதே இவனுக்கு, என்ன பொறாமை பிடித்த ஜென்மம் என்று தச்சரிடம் சொன்னேன். தச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஆணி அடிக்கப் போய்விட்டார்.

அந்த நாள் வந்தது. மாமா இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கையில் பையுடன் ஊருக்குக் கிளம்புகிறவர் மாதிரி வந்து இறங்கினார். சின்ன மாப்பிள்ளை காரில்தான், சொல்ல வேண்டுமா. மருத்துவமனையின் பெரிய டாக்டர், தலைமை நர்ஸ், நிர்வாகத்தார், எங்கள் முதலாளியம்மா எல்லோரும் கிடங்கில் சுற்றி நின்றார்கள். மாமாவுக்கு இத்தனை பேர் தன்னைப் பார்க்கிறார்களே என்று குதூகலம்.

"எந்தப் பெர்த் எனக்கு? லோயர் தானே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

முதலில் சகலையின் அறை. மாமா ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார். தலைமை நர்ஸ் வலது பக்கம் வந்து, "எப்படி இருக்கீங்க ஐயா?" என்றார். மாமா "என்ன?" என்றார். எனக்குள் ஒரு பட்டாசு. "தண்ணி குடிக்கறீங்களா?" "என்ன?" இன்னொரு பட்டாசு. இடது கை தானாக நீண்டு காற்றைத் துழாவியது, தண்ணீர் வலது பக்கம் இருந்தது. கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அப்புறம் தேடினார். கதவில் யார் வருகிறார்கள் என்று பார்க்கக் கழுத்தை வளைத்தார். குளியலறைச் சுவர் மறைத்தது. பெரிய டாக்டர் வந்து வலது பக்கம் சௌகரியமாக நின்று, வயிற்றை அமுக்கி, நாடி பிடித்து, இரண்டு வார்த்தை கிண்டல் பேசிவிட்டுப் போனார். நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. என் கண் முழுக்க மாமாவின் இடது கை மேல்தான் இருந்தது.

"எப்படி இருக்குங்க அறை?" என்றார் முதலாளியம்மா.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் ரெண்டு நாள்ல பழகிடும்," என்று சிரித்துக்கொண்டே இறங்கினார் மாமா.

அடுத்தது என் அறை.

மாமா படுத்தார். இடது கை நீண்டது. டம்ளர் இருந்தது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு அதே இடத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார், தலையணைக்குப் போன கை வழியிலேயே குழித் தட்டைத் தொட்டது, அதில் வைத்தார். நர்ஸ் இடது பக்கம் வந்து தணிந்த குரலில், "எப்படி இருக்கீங்க ஐயா?" என்றார். "நல்லா இருக்கேம்மா," என்று உடனே பதில் வந்தது. தலையைத் திருப்பாமலே கதவு தெரிந்தது. கதவுக்குப் பக்கத்தில் கொக்கி, கொக்கியில் அவர் பை.

நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சகலை முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். அவன் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமா மறுபடி டம்ளரைத் தொட்டார். பிறகு கண்ணாடி. பிறகு பொத்தான். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. கொக்கியில் தொங்கிய பையையே பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் உள்ளே நுழைந்தார். பழக்க தோஷம், நேராகக் கட்டிலின் வலது பக்கம் போனார். சந்துக்குள் ஒரு கால் போனது. இடுப்பு கட்டிலில் இடித்தது, தோள் தெர்மாகோல் மானிட்டரில் இடித்தது, மானிட்டர் அவர் கழுத்தில் வந்து விழுந்தது. பின்வாங்கலாம் என்று பார்த்தால் ஸ்டெதஸ்கோப் கம்பியில் சிக்கிக்கொண்டது. ஆப்பசைத்த குரங்கு என்று பெரிய மனிதரைச் சொல்லக் கூடாது. தலைமை நர்ஸ் போய் விடுவித்தார்.

"இந்தப் பக்கம் வாங்களேன் டாக்டர்," என்று நான் இடது பக்கத்தைக் காட்டினேன். வந்து நின்றார். குனிந்தார், நிமிர்ந்தார், கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"எல்லாமே தலைகீழா இருக்கேப்பா. அவசரத்துல நான் எங்க நிப்பேன்?" என்றார்.

மாமா எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு, ஷூவைத் தேடினார்.

"இறங்கணும்," என்றார்.

"இந்த அறை எப்படி இருக்குங்க?" என்று கேட்டார் முதலாளியம்மா.

மாமா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முகத்தில் வந்து நின்றார். அதே பார்வை. எங்கே, டிக்கெட்டைக் காட்டு.

"எனக்கு அந்த அறையே போதும்மா," என்றார்.

நிர்வாகத்தார் சகலையின் அறையை எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் சகலை முன்னால் வந்து, "அண்ணா போட்ட மூக்குக் கண்ணாடித் தட்டும் பைக் கொக்கியும் என் அறைக்கும் வேணும். விளக்கும் அவர் போட்ட மாதிரியே மாத்திடலாம்," என்றான் எல்லோர் காதிலும் விழும்படி. தலைமை நர்ஸ் "கண்டிப்பா" என்றார். முதலாளியம்மா என் தோளில் தட்டினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஜெயித்துத் தொலைத்தால் தொலைக்கட்டும், நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே! இவனை நான் எப்படி நிம்மதியாக வெறுப்பது?

வெளியே வந்து என் கார்க் கதவைத் திறந்தேன். சகலை தன் காருடன் மாமாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க கிளம்புங்க மாப்பிள்ளை," என்று மாமா அவனிடம் சொல்வது கேட்டது. "நான் பெரியவர் வண்டியில வர்றேன்."

வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார், பையை மடியில் வைத்துக்கொண்டார். நான் வண்டியைக் கிளப்பப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பி, நல்ல காதை எனக்குக் காட்டி உட்கார்ந்தார்.

"நான் இடது கைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல மாமா. பார்த்தேன்."

"காது?"

"அதுவும் பார்த்ததுதான்."

"கண்ணாடி, பை, வாசல்?"

நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "தினம் நம்ம வீட்டுலதானே சாப்பிடறீங்க," என்றேன்.

"என் பொண்ணுங்களுக்கே இந்தக் காது தெரியாது," என்றார். "அங்க படுத்ததும் எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு மாப்பிள்ளை. தண்ணி ரெடி, விளக்கு ரெடி, பை மாட்ட கொக்கி ரெடி. எனக்கு டிக்கெட் எடுத்து, பெர்த் போட்டு, சார்ட்டும் ஒட்டியாச்சு, நான் வந்து படுக்க வேண்டியதுதான் பாக்கிங்கற மாதிரி இருந்துச்சு."

"ஐயோ மாமா, நான் அப்படி நினைக்கல."

"தெரியும். இருந்தாலும் பயம் வந்துடுச்சு. சின்னவர் போட்டது யாருக்கோ போட்ட அறை. அதுல படுத்தா எழுந்து வீட்டுக்கு வந்துடலாம்னு தோணுது."

இத்தனை வருஷம் அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று அவர் கையையும் காதையும் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறேன். கடைசியில் அதை வைத்தே அவரைப் பயமுறுத்திவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கார்க் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் வெளியே பார்த்தேன்.

"இங்க பாருங்க," என்றார் மாமா. "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அந்த அறையிலயே படுக்க வைங்க. ஆனா பக்கத்துல நாற்காலியில நீங்க உக்காரணும். தண்ணி எந்தப் பக்கம், கண்ணாடி எங்கன்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் நான் சொல்லிட்டு இருக்க முடியாது."

அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? ஆனாலும் புத்தி போகுமா? வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"சின்ன மாப்பிள்ளை?"

"அவருக்கென்ன," என்று மாமா நேராகத் திரும்பி உட்கார்ந்தார். "வந்து பாத்துட்டுப் போவாரு."

வண்டியைக் கிளப்பினேன். குழி, மேடு எதிலும் தூக்கிப் போடாமல் ஓட்டினேன். வந்து பாத்துட்டுப் போவாரு, வந்து பாத்துட்டுப் போவாரு என்று வழி நெடுக மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு மாத்திரை தேவைப்படவில்லை.

மறுநாள் கிடங்கில் தச்சர்கள் என் அறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சகலையின் அறைக்குள் போனேன். துணைக்கு இருப்பவர் உட்காரும் நாற்காலியை அவன் ஜன்னல் ஓரமாக, கால்மாட்டில் போட்டிருந்தான். வெளிச்சம் நன்றாக வரும் இடம்தான். ஆனால் அங்கிருந்து கூப்பிட்டால் எந்தக் காதுக்கும் எட்டாது. அதை இழுத்து வந்து கட்டிலின் இடது பக்கம், தலைமாட்டில் போட்டேன். டாக்டர் வலது பக்கம் தாராளமாக நிற்கட்டும். உட்கார்ந்து பார்த்தேன். முதுகு செங்குத்தாக இருந்தது, இதில் ராத்திரி முழுக்க ஒருவன் உட்கார முடியாது. வேறு நாற்காலி பார்க்க வேண்டும், சாய்கிற மாதிரி, கைப்பிடி வைத்தது. அது என் துறை. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எழுந்து அளவெடுத்துக்கொண்டிருந்தபோது சகலை உள்ளே வந்தான்.

"நாற்காலி இங்க வந்துடுச்சா? இதுவும் நல்லாத்தான் இருக்கு அண்ணா," என்று பல்லைக் காட்டிக்கொண்டே அதில் உட்காரப் போனான்.

"அதுல உக்காராதீங்க தம்பி," என்றேன். "வெளியில பெஞ்சு இருக்கு பாருங்க."